சந்தியாகுவின் வைக்கோல் கட்டு

ராஜா கதை வேண்டுமென்றால் அடுத்த வீட்டுக்குப் போங்கள். ரயில் நம் சீமைக்கு வராத காலத்தில், தாமிரபரணிக்குத் தெற்கே ஒரு சின்னக் கிறிஸ்தவ ஊரில், தன்னைப்போல் நல்லவன் வேறு எவனும் இல்லை என்று மனமார நம்பிய, உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி இருந்தார். அவர் பெயர் சந்தியாகு. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். போகப் போக அவரிடம் தெரிவது யார் முகம் என்று புரிந்துவிட்டால் சிரிப்பு வராது. எனக்கு வரவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கிறிஸ்து பிறப்புக்கு முந்தின வாரங்களில் ஒரு நல்ல காரியம் செய்தால், ஒரு வைக்கோலை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். திருநாளன்று எல்லாரும் சேர்த்த வைக்கோல் கட்டுகளைக் கோயில் முற்றத்துக் குடிலில் பரப்பி, பாலன் யேசுவுக்கு மெத்தை போடுவார்கள். ஆரம்பித்தவர்கள் நல்ல மனதோடுதான் ஆரம்பித்தார்கள். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? யார் கட்டு பருமனோ, அவர்தான் பாலன் சொரூபத்தைக் கையில் ஏந்திக் குடிலுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு சட்டத்தைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊரில் நல்ல காரியத்துக்குப் பஞ்சமில்லை, நிம்மதிக்குத்தான் பஞ்சம்.

போன வருஷம் பாலனை ஏந்தியவர் எண்ணெய் வியாபாரி சூசை. அந்த எரிச்சல் சந்தியாகுவை வருஷம் முழுக்கத் தின்றது. இந்தத் தடவை விடுவதில்லை என்று இறங்கினார்.

முதலில், காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் கண்ணயர்ந்த பிச்சையம்மாள் என்ற கிழவியைத் தட்டி எழுப்பி, "ஆத்தா, நல்லாத் தூங்குதீகளா?" என்று விசாரித்தார். ஒரு வைக்கோல்.

அடுத்து, உபவாசம் இருந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பைக் கொண்டுபோய் வைத்தார். அவர்கள் எச்சில் விழுங்கிக்கொண்டு இருக்க, பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்காக ஜெபமும் சொன்னார். இன்னொரு வைக்கோல்.

மூன்றாவதாக, சண்டையே போடாத இரண்டு சம்பந்திகளைக் கூட்டிவைத்துச் சமாதானம் பேசினார். "அவர் உங்களச் சொன்னத மனசுல வச்சுக்கிடாதீக" என்று இவர் தொடங்க, "என்னைய என்ன சொன்னான்?" என்று ஒரு சம்பந்தி எழுந்திருக்க, பொழுது சாய்வதற்குள் இரண்டு குடும்பமும் முகம் பாராமல் பிரிந்தன. அதற்கும் ஒரு வைக்கோல். மறுபடி சேர்த்துவைத்தால் இன்னொன்று கிடைக்கும் என்று சந்தோஷமும் பட்டார்.

உண்மையாகவே சமாதானம் செய்ய வேண்டிய சண்டை ஒன்று அவருடைய வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே குடியிருந்தவன் அவர் கூடப் பிறந்த தம்பி மிக்கேல். வரப்பில் நின்ற ஒரு புளியமரத்துக்காக இருவரும் பேச்சை விட்டு எத்தனையோ காலம் ஆயிற்று.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. குளம் உடைந்து மிக்கேலின் வைக்கோல் போர் அடித்துக்கொண்டு போயிற்று. மேய்ச்சல் நிலமெல்லாம் தண்ணீர். அவன் பெண்சாதி பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் விழுந்ததால் தாய்ப்பால் இல்லை. வீட்டிலிருந்த செவலைப் பசுவின் பாலில்தான் பச்சைக் குழந்தையின் உயிர் நின்றது. தீனி இல்லாமல் அந்தப் பாலும் நாளுக்கு நாள் வற்றியது. ஊரிலேயே நனையாத போர் ஒன்றுதான், மேட்டில் இருந்த சந்தியாகுவின் போர்.

மிக்கேல் ரோஷத்தை விட்டு வேலியோரம் வந்து நின்றான். "அண்ணே, பிள்ளைக்குப் பால் வேணும். மாட்டுக்குக் கொஞ்சம் வைக்கோல் குடு."

சந்தியாகுவின் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் போரைப் பிரித்தால் மழை உள்ளே இறங்கிவிடும். இன்னும் எத்தனை நல்ல காரியம் பாக்கி இருக்கிறது! "பாலனுக்கு நனைஞ்ச வைக்கோலையா போடச் சொல்லுத? திருநாள் கழியட்டும், பாப்போம்" என்றார். மிக்கேல் திரும்பிப் போய்விட்டான்.

உள்ளேயிருந்து சந்தியாகுவின் மனைவி ஞானம்மாள் வந்தாள். "அங்க ஒரு பிள்ளை பசிச்சு அழுவுது. நீங்க எந்தப் பாலனச் சொல்லுதீக?"

சந்தியாகு போர்ப் பக்கம் நடந்தார். மனைவியிடம் கோபப்படாமல் பொறுத்துக்கொண்டதற்காக ஒரு வைக்கோல் எடுத்துக்கொண்டார்.

பூசை வைக்கும் சாமியாருக்குப் பல ஊர் போக வேண்டியிருந்ததால், அந்த ஊரில் சாயங்காலமே திருநாள் தொடங்கியது. கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் கட்டுகளைத் தடவிப் பார்த்தார். சந்தியாகுவின் கட்டு இரண்டு கைக்குள் அடங்கவில்லை. மெத்தை போட்டாயிற்று, மணி அடித்தாயிற்று. சந்தியாகு பீடத்திலிருந்து பாலன் சொரூபத்தை ஏந்திக்கொண்டு, எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாக நடந்தார். சூசை நிற்கும் இடத்தில் இன்னும் மெதுவாக.

குடிலில் ஒரு களிமண் மாடு உண்டு. அன்றைக்கு அதன் பக்கத்தில் இன்னொரு மாடு நின்றது. இது வாலை ஆட்டியது.

செவலைப் பசு! பசி தாங்காமல் கயிற்றை அறுத்துக்கொண்டு, காய்ந்த வைக்கோல் வாசனை பிடித்து வந்திருந்தது. பிச்சையம்மாளை எழுப்பிய புண்ணியம் போயிற்று. கருவாட்டுப் புண்ணியம் போயிற்று. சம்பந்திப் புண்ணியம் பாதி வாயில் இருந்தது.

"ஐயோ, அடியுங்கடே அந்த மாட்டை!" என்று அலறினார் சந்தியாகு.

மிக்கேல் ஓடிவந்தான். ஒரு கையில் கயிறு, மறு கையில் பழைய வேட்டியில் சுற்றிய குழந்தை. மாடு முரண்டு பிடித்துத் தலையை உதறியது. அவன் தடுமாறினான். குழந்தை நழுவியது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர் அண்ணன் ஒருவர்தான். "அண்ணே, பிள்ளையப் பிடி!"

சந்தியாகுவின் இரண்டு கையிலும் பாலன் இருந்தார். வருஷமெல்லாம் ஏங்கியது, ஊரே பார்க்கக் கையில் இருந்தது.

சட்டென்று திரும்பி, சொரூபத்தைப் பின்னால் வந்துகொண்டிருந்த சூசையின் கையில் திணித்துவிட்டுக் குழந்தையைத் தாங்கிக்கொண்டார். வைக்கோலைவிட லேசாக இருந்தது. அழுது அழுது அதற்குக் குரலே இல்லை. அவர் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. ஒன்றும் வரவில்லை, மறுபடியும் சப்பியது. சந்தியாகுவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு வெட்கம் அவர் அதுவரை பட்டதில்லை.

"மாட்ட விடுடா தம்பி, தின்னட்டும்" என்றார். குழந்தையை ஞானம்மாளிடம் கொடுத்துவிட்டு, மழைத் தூறலில் வீட்டுக்கு ஓடிப் போரைத் தன் கையாலேயே பிரித்தார். அண்ணனும் தம்பியும் நனைந்துகொண்டே வேலிக்கு மேலாகக் கட்டுக் கட்டாய் வைக்கோல் கடத்தினார்கள்.

"உம்ம கட்டு என்னாச்சு ஓய்?" என்று பிறகு சூசை சீண்டினார்.

"மாட்டு வயித்துல இருக்கு. என் புண்ணியம் ஒரு பிள்ளைக்குப் பாலாகுறது இதுதான் முதல் தடவை" என்று சந்தியாகு சொன்னார். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

ஊர் திருந்தியதா என்று கேட்காதீர்கள். அடுத்த வருஷம் செவலைக்கு யார் நிறைய வைக்கோல் போடுவது என்று போட்டி நடந்து, பாவம், அந்த மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. சந்தியாகு மட்டும் போட்டிக்குப் போகாமல் தம்பி பிள்ளைக்கு நடை பழக்கிக்கொண்டிருந்தார்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலிக்கு அந்தப் பக்கம் பசித்து அழும் பிள்ளையைக் கையில் எடுக்கிற அன்றைக்குத்தான், அது எந்த மாதமானாலும், நம் வீட்டில் கிறிஸ்து பிறக்கிறார்.