தாதியின் பூர்வோத்தரம்

மருதவள நாட்டு ராஜாவுக்கு ஒரு மாசமாக ஓயாத இருமல். அரண்மனை வைத்தியசாலைக்கு உடனே ஒரு தாதி வேண்டும் என்று பறை அறைவித்தார். வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ராக்காயி. புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகளோடு இந்த வேலையே கதி என்று நின்றாள். இன்னொருத்தி மரகதம், மந்திரி திருவேங்கடத்தின் மச்சினி!

"பூர்வோத்தரம் விசாரிக்காமல் யாரையும் வைக்கக் கூடாது, மகாராஜா!" என்றார் மந்திரி. விசாரணையையும் அவரே நடத்தினார். கேட்கவா வேண்டும்!

அரசவை விகடர் வேதாசலத்துக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது. சபை கூடியதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மரகதத்துக்குப் பதினொரு ஓலை வந்திருந்தது. "தங்கமானவள்! நோயாளி கேட்டதையெல்லாம் கொடுத்தாள்" என்று ஒவ்வொன்றிலும் ஒரே புகழ்ச்சி. ராக்காயிக்கோ பதினொரு பேர் நேரிலேயே வந்து நின்றார்கள். அத்தனையும் புகார்.

"மூக்கைப் பிடிச்சுக் கஷாயத்தை ஊத்தினா, சாமி!" என்றான் ஒரு தச்சன்.

"காய்ச்சல்ல ஒரு துண்டு ஊறுகா கேட்டேன். பாவி, ஜாடியையே தூக்கிட்டுப் போயிட்டா!" என்றாள் ஒரு கூடைக்காரி.

ராக்காயிக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், பிள்ளைகளுக்கு என்ன சொல்வாள்? வேதாசலத்துக்குப் பொறுக்கவில்லை. ஓலைகளை வாங்கிப் புரட்டினார். நோயாளியின் மகன் எழுதியது, மருமகன் எழுதியது, பேரன் எழுதியது.

"மந்திரியாரே, ராக்காயியின் நோயாளிகள் எப்படி வந்தார்கள்?"

"நடந்துதான்! அவளைத் திட்டுவதற்கென்றே நாலு காதம் நடந்திருக்கிறார்கள், பாருமேன்!"

"பேஷ்! மரகதத்தின் நோயாளிகளையும் கொஞ்சம் கூப்பிடுமே."

மந்திரி இழுத்தார். "அவர்கள்... வர இயலாது."

"ஏனாம்?"

"காலமாகிவிட்டார்கள்."

"பதினொரு பேருமா?"

"ஆசைப்பட்டதைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத்தான் போனார்கள்!"

சபையே குலுங்கியது. ராஜாவும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமிக்கொண்டே பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்தார்.

ராக்காயி விறுவிறுவென்று போய் லட்டையும் தட்டையும் சேர்த்துப் பிடுங்கினாள். "இந்த இருமலுக்கு இனிப்பா, மகாராசா? நல்லா இருக்கே!"

ராஜா தம் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு வேதாசலத்தைப் பார்த்தார்.

"ஓய், அந்த லட்டெல்லாம் உமக்குச் சன்மானம். ராக்காயிக்கு இன்றைக்கே வேலை. அப்புறம், பன்னிரண்டாவது புகார் ஒன்று எழுதிக்கொள்ளும். என் பெயரில்!"