வேலங்குலம் வெளியேறிய நாள்

அரசர் தேரில் ஏறி அமரும்போது விகடகவி சொக்கணாண்டி சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். தேர் சாய்ந்தது. அரசரும் சாய்ந்தார்.

"என்னடா செய்கிறாய்?"

"தங்கள் ஆணையைத்தான், மன்னா. பொழுது சாய்வதற்குள் முடிக்காவிட்டால் அடியேனை நாடு கடத்திவிடுவார்களே."

எந்த நாடோ, எந்த ராஜாவோ, ஆணை மட்டும் முந்தைய நாள் பிறந்தது. நந்தவனத்தில் வெறுங்காலோடு உலவிய அரசருக்கு முள் தைத்துவிட்டது. "மதிலுக்கு அப்பால் இருக்கிற வேலங்காட்டு முள், காற்றில் வந்திருக்கிறது" என்றார் நந்தவன அதிகாரி நாகமாணிக்கர். வலியில் அரசர் கத்தினார்: "வேலமரமும் அதன் குலமும் என் நாட்டில் இருக்கவே கூடாது." அந்த வேலையைச் சொக்கணாண்டி தலையில் கட்டியதும் நாகமாணிக்கரே. ஒரே நாளில் காட்டை அழிக்க யாரால் முடியும்? ஆள் ஒழிந்தான் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"காட்டை வெட்டச் சொன்னால் சக்கரத்தைத் திருடுகிறான், பிரபு" என்றார் இப்போது.

"சக்கரம் வேலங்கட்டை, ஐயா. அரண்மனையிலிருந்து தொடங்குகிறேன். மன்னா, பாதரட்சையையும் கழற்றுங்கள்."

"இது தோலடா."

"வேலம்பட்டையில் பதப்படுத்திய தோல்."

அரசர் மறுபடி வெறுங்காலோடு நின்றார். அந்தப்புரத்துத் தாதி ஓடிவந்தாள். "மகாராணி தலை நிறைய எண்ணெயோடு உட்கார்ந்திருக்காங்க. சீயக்காயைக் காணோம்."

"சீயக்காய் எப்படியடா வேலமாகும்?"

"பங்காளி, மன்னா. பூவைப் பாருங்கள், இதழே தெரியாத நூலுருண்டை. இலை சீப்புப் பல். காய் அவரைக்காய் மாதிரி. வேலத்துக்கும் அதே முகவெட்டுதான். வாகையும் அந்த வீட்டுப் பிள்ளை. இனிமேல் போரில் ஜெயித்தால் வாகை மாலை கேட்காதீர்கள்."

உள்ளேயிருந்து மகாராணியின் குரல் எழுந்தது. வார்த்தை புரியவில்லை. ஸ்தாயி போதுமானதாக இருந்தது.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆணை ரத்து. முதலில் சீயக்காயைக் கொடு, அப்புறம் சக்கரம். உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"நந்தவனப் பாதையை இனி நாகமாணிக்கர் தம் கையாலேயே பெருக்க வேண்டும்."

நாகமாணிக்கர் முகம் வெளுத்தது.

"அது எதற்கு?" என்றார் அரசர்.

"நேற்று தங்கள் காலிலிருந்து முள்ளைப் பிடுங்கியவன் அடியேன். அதைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை." மடியை அவிழ்த்து முள்ளை அரசரின் உள்ளங்கையில் வைத்தான். "வேலமுள் வெள்ளையாக, ஜோடியாக இருக்கும். இது பச்சை, ஒற்றை. நாகமாணிக்கர் கிளையைக் கவாத்துச் செய்து பாதையிலேயே விட்டுப்போன எலுமிச்சை முள், மன்னா."