தலை போன கீ

எண்ணெய் மில் முதலாளி வைரவமூர்த்திக்கு வேட்டிதான் கௌரவம். வேலையாட்கள் அத்தனை பேருக்கும் காக்கி டவுசர். அந்த எண்ணெய்ப் பிசுக்குக்குள் வேட்டி கட்டி நடப்பவர் அவர் ஒருத்தர்தான்.

அன்று காலை, பழுதான புல்லியைக் கழற்றப் போன ஃபிட்டர் சூசை திகைத்து நின்றான். புல்லியையும் ஷாஃப்டையும் பிணைக்கிற இரும்புத் துண்டுக்குக் கீ என்று பெயர். மற்ற கீயெல்லாம் பள்ளத்துக்குள் முழுசாய் அமுங்கிக் கிடக்கும். இது தலைக் கீ. நெம்பி இழுக்க வசதியாக வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தலையை யாரோ ரம்பம் வைத்து அறுத்திருந்தார்கள்.

"உன் வேலைதான்டா! இல்லேன்னா அறுத்தவன் யாருன்னு இப்பவே சொல்லு. சொல்லலே, சீட்டைக் கிழிச்சிருவேன்" என்று எல்லார் முன்னாலும் குதித்தார் முதலாளி.

சூசை கை துடைக்கிற துணியிலிருந்து ஒரு நூலை நைசாக உருவினான். குனிந்து, கீயடியிலிருந்து எடுத்ததுபோல் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"ஆள் தெரிஞ்சுபோச்சு மொதலாளி. எவனோ வேட்டி கட்டினவன். கீ தலையில மாட்டி வேட்டி கிழிஞ்சிருக்கு, அந்தக் கோவத்துல அறுத்திருக்கான். நூலைப் பார்த்தா சந்தையில கூவி விக்கிற மட்ட வேட்டி."

"எவன்டா மட்ட வேட்டின்னது? சேலத்து வெண்பட்டுடா அது! என் மக கல்யாணத்துக்கு எடுத்தது!"

கத்தி முடித்த பிறகுதான் மில்லே தன்னைப் பார்ப்பதை அவர் கவனித்தார்.

சூசை நூலைக் கீழே போட்டான். "மன்னிச்சிருங்க மொதலாளி, தப்பு என்னோடதுதான். வேட்டியைக் குறைச்சு மதிச்சுட்டேன்."