தூங்கும் தண்ணீர் கேட்ட ரீங்காரி

அந்தக் காலத்திலே, மேகங்கள் மலையில் இறங்கி இளைப்பாறிவிட்டுப் போன காலத்திலே, ஆம்பல்நாடு என்றொரு நாடு இருந்தது. அதன் ராஜா மகரகேது நல்லவன். ஆனால் யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிடுவான்.

ஒருநாள் சாம்பல் நிறச் சேலை உடுத்திய மந்திரக்காரி ஒருத்தி சபைக்கு வந்தாள். பெயர் ரீங்காரி. அவள் பாடிய பாட்டில் ராஜா கிறங்கிப் போனான்.

"என்ன பரிசு வேண்டும்?"

"உன் நாட்டில் ஏழு நாள் அசையாமல் தூங்கும் தண்ணீர் எல்லாம் எனக்கு வேண்டும்."

"இவ்வளவுதானா? எடுத்துக்கொள்!"

எட்டாம் நாள் நாடே இருண்டது. பூந்தொட்டித் தண்ணீரிலிருந்து ஒரு படை, கொட்டாங்குச்சியிலிருந்து ஒரு படை, ஆட்டுக்கல் குழியிலிருந்து ஒரு படை என்று கொசுக்கள் கிளம்பின. கடிபட்டவர்கள் உச்சி வெயிலிலும் குளிரில் நடுங்கினார்கள். ராஜா வேப்பிலைப் புகை போட்டான்; கொசுக்கள் போய்விட்டுத் திரும்பி வந்தன. வலை கட்டினான், வெளியே காத்திருந்தன. முரசு கொட்டினான், தாளத்துக்கு ஆடின!

அரண்மனைத் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமப்பவள் பூவாயி. அவள் புருஷன் காத்தானும் நாலு கம்பளிக்குள் நடுங்கிக் கிடந்தான். அவன் பல் கிட்டிப்போவதைப் பார்த்துப் பூவாயி அடுப்பை மூட்டினாள். கஷாயம் வைக்கலாம் என்று வாசல் பானையைத் தூக்கினாள். உள்ளே நூல் நூலாய்ப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன. பதறிப்போய்ப் பானையை அப்படியே சுடுமண்ணில் கவிழ்த்தாள்.

"ஐயோ!" என்று எங்கோ தூரத்தில் ஒரு பெண் அலறினாள்.

பூவாயி பக்கத்திலிருந்த கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தாள். மறுபடி, "ஐயோ!"

தூங்கும் தண்ணீர் கவிழும்போதெல்லாம் அலறுவது ரீங்காரிதான் என்று அவளுக்குப் புரிந்தது. முந்தானையை இடுப்பில் செருகினாள். வீடு வீடாக ஓடினாள்.

"தூங்கும் தண்ணீரே, எழுந்திரு!" என்று தொட்டிகளைக் கவிழ்த்தாள்.

"தூங்கும் தண்ணீரே, எழுந்திரு!" என்று ஆட்டுக்கல் குழியை வழித்துத் துடைத்தாள்.

"தூங்கும் தண்ணீரே, எழுந்திரு!" என்று மரப்பொந்தில் மண்ணை நிரப்பினாள். எழுந்து நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். குடிதண்ணீர்ப் பானைகளின் வாயைத் துணியால் வேடு கட்டினார்கள். அலறல் வரவர மெலிந்தது.

கடைசியில் அரண்மனைத் தாமரைக்குளம் மட்டும் மிச்சம். குளத்தை யாரால் கவிழ்க்க முடியும்? பூவாயி குடத்தோடு ஓடைக்குப் போனாள்.

"குட்டி மீன்களே, என்னோடு வர்றீங்களா?"

"அங்கே சாப்பாடு உண்டா?" என்றது ஒரு மீன்.

"வயிறு முட்ட உண்டு!"

மீன்கள் குடத்துக்குள் துள்ளின. அவள் குளக்கரையில் கால் வைத்தாள். அப்போது குளத்துத் தண்ணீர் மொத்தமும் எழுந்து நின்றது! பனைமர உயரம், தண்ணீரால் ஆன உடம்பு, கூந்தலுக்குப் பதிலாக வானத்தை மறைத்துச் சுழலும் கோடிக் கொசுக்கள். கரையில் நின்றவர்கள் மூச்சுவிட மறந்தார்கள்.

"இது ராஜா எனக்குத் தந்த வாக்கு!" என்றாள் ரீங்காரி. குரல் மலையில் மோதித் திரும்பியது.

பூவாயி குடத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கும் தண்ணீர்தானே உன்னுடையது, தாயே? மீன் துள்ளும் தண்ணீர் எங்கே தூங்கும்?" என்று குடத்தை அந்தப் பாதத்தில் சாய்த்தாள்.

மீன்கள் வெள்ளி வெள்ளியாய் அந்த உடம்புக்குள் ஏறின. நெஞ்சில் துள்ளின, நெற்றியில் துள்ளின. குளம் முழுக்க அலை புரண்டது. கொசுக்கூந்தல் உதிர்ந்தது. மழை கொட்டுவதுபோல் தண்ணீர் குளத்துக்குள் விழுந்தது. சாம்பல் சேலை புகையாய்ச் சுருண்டு கடல் பக்கம் போயிற்று. அதன்பின் ஊரில் அப்படியொரு நிசப்தம்! இலை விழும் சத்தம்கூடக் கேட்டது.

காத்தான் கம்பளிகளை உதைத்துவிட்டு, "அப்பா, என்ன புழுக்கம்!" என்று எழுந்து உட்கார்ந்தான். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பூவாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

ராஜா ஓடி வந்தான். "வாக்குத் தந்தவன் நான், மீட்டவள் நீ. பாதி ராஜ்யம் கேள், தருகிறேன்!"

"ராஜ்யம் வேண்டாம், மகாராஜா. ஒரு மாளிகை, ஒரு மாந்தோப்பு போதும். அப்புறம், வாரத்தில் ஒருநாள் நாட்டில் எல்லாரும் தேங்கின தண்ணீரைக் கவிழ்க்கணும். நீங்களும்தான்."

அந்த வெள்ளிக்கிழமையே கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மகரகேது தோட்டத்தில் குனிந்து கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்தான். கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"முடிந்ததா, பூவாயி?"

"வாழைமரத்துக்குப் பின்னால் இன்னும் நாலு இருக்கு, மகாராஜா."

ராஜா மறுபடி குனிந்தான்.