விடுமுறை நாளின் குடிமக்கள்

முன்னொரு காலத்தில், வரைபடம் வரைகிறவர்கள் மை சொட்டிவிட்டதோ என்று துடைத்துவிடுகிற அளவில் ஒரு தீவு இருந்தது. அதுவரை உலகில் நடந்த ஆட்சிகளிலெல்லாம் தலைசிறந்த ஆட்சி அங்கேதான் நடந்தது. சந்தேகம் உள்ளவர்கள் அந்த நாட்டு அமைச்சர்களையே விசாரித்துக்கொள்ளலாம். மொத்தம் நாற்பத்தொரு பேர். யாராவது ஒருவர் எப்போதும் ஓய்வாகத்தான் இருப்பார்.

ஜனத்தொகை இருநூற்றுப் பன்னிரண்டு. கருவாட்டையும் கயிற்றையும் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை பெருநாட்டிலிருந்து வரும் கப்பலில் அரிசி வாங்கிச் சாப்பிட்ட நாடு. அரசர் கடல்சூழ்கோவுக்கு ஒரே ஒரு பலவீனம். கண்ணில் பட்டவருக்குப் பதவி கொடுத்துவிடுவார். தீவு சின்னது, எல்லோரும் கண்ணில் பட்டார்கள். அலை வருவதைக் கவனிக்க ஓர் அதிகாரி, அது திரும்பிப் போவதைக் கவனிக்க வேறோர் அதிகாரி. அதிகாரிகள் மீன் பிடிப்பது கௌரவக் குறைச்சல் என்பதால் 'கடலாய்வு' என்று சொல்லிக்கொண்டு வலை வீசினார்கள். பதவித் தலைப்பாகை நனையாமல் வலை வீசுவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

பதவி இல்லாத ஒரே ஆள் விகடகவி வெண்காடன். அதில் அவனுக்கு அசாத்தியப் பெருமை.

"விகடம் பதவி இல்லை, வியாதி. எனக்கு மட்டும்தான் வந்திருக்கு," என்பான். "ஓலையைத் தூக்கிக்கிட்டுப் பதவி கேட்டு நிக்கறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு."

அவனிடம் மொத்தம் நான்கு நகைச்சுவைகள்தான் இருந்தன என்பதையும், தீவு முழுவதும் அவற்றை மனப்பாடமாகச் சொல்லும் என்பதையும் அவன் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒருநாள் பெருநாட்டுப் பேரரசரிடமிருந்து படகில் ஓர் ஓலை வந்தது. தலைமை அமைச்சர் மழவராயர் அவையில் வாசித்தார். "குடிகள் இல்லாத இடம் நாடு ஆகாது, அது பாறை. பாறைக்கு அரசன் எதற்கு? உம்முடைய தீவில் குடிகள் உண்டா என்று எம் தூதர் நாளை மறுநாள் அரிசிக் கப்பலில் வந்து பார்ப்பார். இல்லையென்றால் பாறை எமக்கு."

"இவ்வளவுதானா? குடிகளை வரச் சொல்லுங்கள்," என்றார் அரசர்.

அவையில் இருந்த அத்தனை பேரும் தலைப்பாகையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மன்னா, விகடகவி அரண்மனை ஆள், குடிக் கணக்கில் வரமாட்டார். போன வாரம் வரை ஒருத்தி இருந்தாள்," என்றார் மழவராயர். "கருவாடு காயவைக்கும் செம்பாயி. அவளையும் தாங்கள் காற்றுத்துறை அதிகாரி ஆக்கிவிட்டீர்கள்."

பின்வரிசையிலிருந்து செம்பாயி எழுந்தாள். "நான் கேக்கலீங்க. கருவாடு நல்லா காய்ஞ்சிருக்குன்னு நீங்களாத்தான் குடுத்தீங்க."

"கொடுத்த பதவியை நான் திரும்ப வாங்கியதில்லை. அது என் வாக்கு," என்றார் அரசர்.

மழவராயருக்கு வெண்காடனைக் கண்டால் ஆகாது. பதவியே இல்லாதவன் அரசருக்குப் பக்கத்தில் உட்காருகிறானே என்ற வயிற்றெரிச்சல். அவர் பணிவாகக் குனிந்தார். "மன்னா, நம் விகடகவி மகா புத்திசாலி. நூறு குடிகளை அவரே காட்டட்டும். ஒருவர் பதவியும் போகக் கூடாது, வெளியாள் ஒருவரும் வரக் கூடாது. முடியாவிட்டால் அதே கப்பலில் அவர் பெருநாட்டுக்குப் போய்விடட்டும்."

"நல்ல யோசனை," என்றார் அரசர். எந்த யோசனையும் அவருக்கு நல்ல யோசனைதான்.

பெருநாட்டில் தெருவுக்கு இரண்டு விகடகவிகள் இருப்பதாகக் கேள்வி. ஆளுக்கு நானூறு நகைச்சுவை வைத்திருப்பார்களாம். அங்கே போனால் வெண்காடன் மூட்டைதான் தூக்க வேண்டும். மூட்டை தூக்கத் தேவையான உடம்பும் அவனிடம் இல்லை.

கால் போன போக்கில் நடந்தவன் செம்பாயியின் பந்தலுக்கு வந்து சேர்ந்தான். அவள் தலைப்பாகையால் ஈயை விரட்டிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரை அக்கா திட்டறே?"

"நிழல்துறைக்காரனைத்தான். இந்தப் பந்தலுக்கு ரெண்டு கீத்து போடச் சொல்லி அவன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான். போய்க் கேளேன்."

"நானும் அதிகாரி, அவனும் அதிகாரி. அதிகாரி போய் அதிகாரிகிட்டக் குறை சொன்னா மரியாதை என்ன ஆவறது? போன வாரம்னா கேட்டிருப்பேன்."

"ஒருநாள் விடுமுறை எடுத்துக்கிட்டுப் போய்க் கேளு."

"விடுமுறையா? அப்படின்னா என்னடா?"

வெண்காடன் அப்படியே நின்றான். உண்மைதான். அந்தத் தீவு தோன்றிய நாளிலிருந்து யாரும் விடுமுறை கேட்டதில்லை. வேலை நாளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிந்தால்தானே கேட்பார்கள்?

அவன் அரண்மனைக்கு ஓடினான். "மன்னா, நாளை மறுநாள் அரசு விடுமுறை என்று முத்திரை வேண்டும். அன்று பொழுது சாயும்வரை எந்தத் தலைப்பாகையும் பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது."

"பதவி பறிப்பதாக ஆகாதா?"

"ஆகாது மன்னா. பதவி பத்திரமாக வீட்டில் தூங்கும். ஆள்தான் வெளியே வருவார்."

"எதை முன்னிட்டு விடுமுறை?"

"தாங்கள் நேற்றுத் தும்மியதை முன்னிட்டு."

அரசர் நெகிழ்ந்துபோய் இரண்டு முத்திரை குத்தினார்.

கப்பல் வந்தது. தூதர் இறங்கிப் பார்த்தால் கரை முழுக்க வெறுந்தலைகள். தென்னை நிழலில் உட்கார்ந்து, "உங்களுக்கு ஏதும் குறை உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அந்தத் தீவில் அதுவரை யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

துறைமுக அதிகாரிதான் முதலில் வந்தார். "துறைமுகத்துல எப்பப் போனாலும் அதிகாரி இருக்கறதே இல்லீங்க. தூங்கப் போயிடறாரு." அடுத்து செம்பாயி கீற்றைப் பற்றி. அடுத்து நிழல்துறைக்காரர், கருவாட்டு நாற்றத்தைக் காற்றுத்துறை கவனிப்பதில்லை என்று. வரிசை நீண்டுகொண்டே போனது.

வெண்காடன் கப்பலேறுவதைப் பார்க்க மழவராயர் முன்னால் வந்து நின்றிருந்தார். தூதர் அவர் பக்கம் திரும்பி, "நீர் யார்?" என்றார்.

"நான் இந்த நாட்டின் தலைமை..."

"ஐயா," என்றான் வெண்காடன் மெல்ல. "அரசர் முத்திரை. இன்றைக்கு விடுமுறை."

தூதர் அன்பாகக் கேட்டார். "சொல்லும். உமக்கு என்ன குறை?"

நாற்பது வருஷமாக அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மழவராயர் ஓரடி முன்னால் வந்தார். "தலைமை அமைச்சர் ஒரு மனுவையும் படிக்கறதே இல்லீங்க. எல்லாத்தையும் அடுக்கி அதுமேலயே உக்காந்துக்கறாரு."

"உமக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குங்க தெரியும்?"

வரிசையின் கடைசியில் தோளில் துண்டோடு ஒரு பருத்த மனிதர் நின்றார். "எங்க ராஜாதாங்க பிரச்சினை. கண்ணுல பட்டவனுக்கெல்லாம் பதவி குடுத்துடறாரு. வேண்டாம்னு சொல்ல ஒருத்தரும் இல்லை."

தூதர் ஓலையில் எழுதினார்: "குடிகள் இருநூற்றுப் பதினொருவர். அனைவருக்கும் அரசின்மேல் குறை உண்டு. ஆகவே இது நாடுதான்." அரிசியை இறக்கிவிட்டுக் கப்பல் புறப்பட்டது. வெண்காடன் கரையிலேயே நின்றான்.

பொழுது சாய்ந்ததும் அரசர் கிரீடத்தை வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னைப் பற்றி நானே சொல்லியிருக்கிறேன்! இத்தனை நாள் எவனும் சொல்லவில்லையே!" ஒரு முத்துமாலையும் இரண்டு மூட்டை அரிசியும் கொடுத்தார். "ஒரு பதவியும் தரட்டுமா?"

"மன்னா, பதவி இல்லாமல் வாழத் தெரிந்த ஒருவனாவது இந்த நாட்டுக்கு வேண்டும்," என்றான் வெண்காடன். அவை கைதட்டியது. மழவராயரும் தட்டினார், ஒரு கையால்.

விடுமுறையின் ருசி கண்ட அரசர், இனி மாதம் ஒரு விடுமுறை என்று அறிவித்தார். அடுத்த விடுமுறையன்று தீவே மணலில் மல்லாந்து படுத்தது. ஆளாளுக்கு வெண்காடனைக் கூப்பிட்டார்கள். "வாடா, சும்மாதானே கிடக்கோம், ஒரு விகடம் சொல்லு." காலையிலிருந்து பொழுது சாயும்வரை நான்கு நகைச்சுவைகளையும் ஐம்பது தடவை சொல்லி அவன் தொண்டை கட்டிப்போனது.

"எனக்கும் இன்னிக்கு விடுமுறைதானே?" என்று கரகரத்தான்.

"உனக்கு எதுக்குடா விடுமுறை?" என்றாள் செம்பாயி, கண்ணைத் திறக்காமலே. "உனக்குத்தான் பதவியே இல்லையே."

மறுநாள் காலை, புதுக் கீற்று போட்ட பந்தலுக்கு வெளியே வெண்காடன் வந்து நின்றான். உள்ளே தலைப்பாகையோடு செம்பாயி கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு தடவை இருமிப் பார்த்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லீங்க. காற்றுத்துறையில ஒரு துணை அதிகாரி இடம் காலியா இருக்கறதா..."

"ம். மனு எழுதிக்கிட்டு வா."

வெண்காடன் தெருவின் இருபுறமும் பார்த்தான். யாரும் இல்லை. மடியிலிருந்து ஓலையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.