கழுத்தில் உரசிய கயிறு

ஈசானச் சாமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் என் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார்.

"உரசுதா?"

"பழகிடுச்சு சாமி."

அவர் சிரித்த சிரிப்பில் மடத்துப் பூனை எழுந்து ஓடியது.

என் மனைவி நாகரத்தினம் அவருடைய சிஷ்யை. வயதில் அவரைவிட மூத்தவள். அவள் கழுத்தில், தாலிக் கயிறு படும் இடத்தில், ஒரு மச்சம் இருந்தது. கயிறு உரசி அடிக்கடி ரத்தம் கசியும். டாக்டர் அதை வெட்டி எடுத்தார். புண் ஆறியது. ஆனால் தழும்பு புளியங்கொட்டை போலத் தடித்து எழும்பியது. ஒரே நமைச்சல்.

டாக்டர் தழும்புக்குள்ளேயே ஊசி போட்டார். மேலே ஒட்ட சிலிக்கான் பட்டை கொடுத்தார். கயிறு அதையும் உரித்துப் போட்டது.

"தழும்பு அமுங்குற வரைக்கும் கழுத்துல எதுவும் வேண்டாம்மா" என்றார் டாக்டர்.

நாகரத்தினம் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. தழும்பு வளர்ந்தது. ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு மடத்துக்குப் போனாள்.

"சாமி, தாலியைக் கழற்றினா இவருக்கு ஏதாவது ஆயிடுமா?"

சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அது யாருக்கும்மா காவல்?"

"இவருக்குத்தான்."

"காவல் வேண்டியவர் கழுத்து சும்மாதானே இருக்கு?"

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். முதலில் உதடு துடித்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, குனிங்க."

"விளையாடாதே ரத்தினம்."

"மாப்பிள்ளை முரண்டு பிடிச்சா முகூர்த்தம் தப்பிடும். குனிங்கன்னா!"

தாலியைத் தலை வழியாகக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். சாமி கீரைத் தட்டில் கெட்டிமேளம் கொட்டினார். ஆய்ந்த கீரையையே அட்சதையாக எங்கள் மேல் தூவினார்.

"ஊரே சிரிக்கும் சாமி" என்றேன்.

"இத்தனை வருஷம் அவங்க போட்டிருந்தாங்க. அப்ப யாரும் சிரிக்கலையே?"

நான் தாலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன்.

நாகரத்தினம் மறுபடி டாக்டரிடம் போனாள். ஊசியும் பட்டையுமாகத் தழும்பு மெல்ல அமுங்கியது. அவள் தாலியைத் திருப்பிக் கேட்கவில்லை. "உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்றாள்.

சாமி போனார். சில வருடம் கழித்து அவளும் போனாள். சுமங்கலியாகப் போனாள் என்றது ஊர்.

ஆடிப்பெருக்குக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொள்கிறேன். தாலி என் கழுத்தில் இருக்கிறது.