இஞ்சி தட்டிப் போட்ட பிளக்கு

ஆவுடையப்பனுக்கு அறிவே கிடையாது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். அவன் பங்குக்குக் கால் வீதம் இருந்தது. மீதி முக்காலை அவன் கூட்டாளிகள் கொம்பையா, தளவாய், பால்வண்ணன் மூவரும் சரிசமமாக வைத்திருந்தார்கள். அதனால் கூழைக்குளத்தில் எந்தக் காரியமானாலும் நாலு பேரும் கூடித்தான் யோசிப்பார்கள். நாலு கால் சேர்ந்தால் முழுசாக ஒன்று வரவேண்டும். இவர்கள் கூடும்போது மட்டும் ஏன் அரைக்கால்கூடத் தேறுவதில்லை என்பது ஊருக்கு விளங்கவே இல்லை.

ஆவுடையப்பனிடம் பெரியப்பா விட்டுப்போன பழைய கார் ஒன்று இருந்தது. வண்டி ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்று ரோட்டோரம் போலீஸ் வைத்த பலகையை அவன் ஒருநாள் படித்துவிட்டான். அன்று முதல் காரில் ஏறும்போதெல்லாம் ஹெல்மெட்டோடுதான் ஏறுவான். அப்படிப் போகையில்தான் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த செண்பகவல்லி அவனைப் பார்த்துச் சிரித்தாள். பொறுக்கிய காயெல்லாம் மடியிலிருந்து கொட்டியதுகூடத் தெரியாமல் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று ஆவுடையப்பன் ஆராயவில்லை. அன்று முதல் சோறு இறங்காமல், தரகரைப் பிடித்துப் பெண் கேட்டுவிட்டான்.

செண்பகத்தின் அப்பா கோமதிநாயகம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சினை வெளியிலிருந்தே காலமெல்லாம் கேட்டுக் காது பழகியவர். தரகரிடம் அவர் சொல்லி அனுப்பியது இதுதான்: "பையனை நான் பாக்க வேண்டாம். அவன் வண்டியைப் பாக்கணும். வண்டியை எப்படி வச்சிருக்கானோ அப்படித்தான் எம் பொண்ணையும் வச்சிருப்பான். வியாழக்கிழமை மத்தியான ரயில்ல வாரேன். ஸ்டேஷனுக்கு வண்டியோட வரச் சொல்லும்."

வியாழக்கிழமை காலையில் வண்டியைக் கிளப்பினால், அது தடக் தடக்கென்று மூன்று காலில் ஓடும் ஆட்டைப்போல நொண்டியது. பின்னால் நீலப்புகை. எதிர்வீட்டு முருங்கைமரம் கண்ணுக்குத் தெரியவில்லை.

மெக்கானிக் மீரான் பாய் மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு விருந்துக்குப் போயிருந்தார். தளவாயின் போனில் கூப்பிட்டார்கள்.

"ஸ்பார்க் பிளக்குல ஆயில் ஏறியிருக்கும்ல," என்றார் பாய். "நாலு பிளக்கையும் கழட்டு. வரிசை மட்டும் மாறவே கூடாது. நல்ல பிளக்குன்னா நுனி டீ கலர்ல இருக்கும். எது எண்ணெயில முங்கிக் கெடக்கோ, அந்த சிலிண்டர்லதான் கோளாறு. பாத்துட்டுச் சொல்லு."

கழற்றினார்கள். கழற்றியதும் முதல் சிக்கல் வந்தது.

"தரையில வச்சா கோழி மிதிச்சு வரிசை மாறிரும்," என்றான் கொம்பையா. "ஆளுக்கு ஒண்ணாப் பிடிப்போம். நாம நாலு பேரு, பிளக்கு நாலு. கடவுளாப் பாத்துக் குடுத்த கணக்கு."

கொம்பையா ஒன்று, பால்வண்ணன் இரண்டு, தளவாய் மூன்று, ஆவுடையப்பன் நாலு. வரிசையாக நின்று அவரவர் பிளக்கைப் பார்த்தார்கள். மூன்று பிளக்குகள் பாய் சொன்னபடி டீ நிறத்தில் இருந்தன. தளவாயின் பிளக்கு மட்டும் கருகருவென்று, பிழிந்தால் ஒரு வடை சுடலாம் என்கிற அளவுக்கு எண்ணெய் சொட்டியது.

மூவரும் தளவாயைப் பார்த்தார்கள். தளவாய் தினமும் தலைக்குத் தேங்காயெண்ணெயைக் கவிழ்த்துக்கொள்கிறவன்.

"ஏல, அது எஞ்சினுக்குள்ள இருக்கும்போதே இப்படித்தாம்ல இருந்துச்சு!" என்று தளவாய் அலறினான்.

"நாங்க யாரும் உன்னை ஒண்ணும் சொல்லலியே," என்றான் பால்வண்ணன். "ஆனா எம் பிளக்கு சுத்தமா இருக்கு. நான் சீயக்கா போட்டுக் குளிக்கேன். அவ்வளவுதான் சொல்லுதேன்."

மறுபடி பாய்க்குப் போன்.

"மூணாவதா? சரி. அதைத் தொடச்சு ரெண்டாவது எடத்துல போடு. ரெண்டாவதை மூணாவதுல போடு. கொஞ்சம் ஓட்டிட்டுத் திரும்பக் கழட்டிப் பாரு. கோளாறு பிளக்கோட போவுதா, எடத்துலயே நிக்குதான்னு தெரிஞ்சிரும்."

"பிளக்கு மாறணுமா, ஆளு மாறணுமா?" என்று கேட்டான் பால்வண்ணன். அதற்குள் பாய் வைத்துவிட்டார்.

நால்வரும் யோசித்தார்கள்.

"ஆளு மாறுனாத்தான் எடம் மாறும்," என்றான் கொம்பையா.

"பிளக்கு மாறுனாத்தான் பிளக்கு மாறும்," என்றான் தளவாய்.

"பொண்ணு விசயம். ஒண்ணைச் செஞ்சு இன்னொண்ணை விட்டுட்டோம்னு இருக்கப்படாது. ரெண்டையும் மாத்திருவோம்," என்று ஆவுடையப்பன் முடிவு சொன்னான்.

தளவாய் இரண்டாவது இடத்துக்கு வந்தான். பால்வண்ணன் மூன்றாவது இடத்துக்குப் போனான். பிறகு இருவரும் பிளக்குகளை மாற்றிக்கொண்டார்கள். ஆக, பழைய இடத்துக்கே திரும்பிவந்துவிட்ட பிளக்குகளை அப்படியே மாட்டி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கழற்றினார்கள். மூன்றாவதில் எண்ணெய்.

"பாய்! ஆளையும் மாத்தி, பிளக்கையும் மாத்தியாச்சு. கோளாறு எடத்தை விட்டு அசையல!"

பாய் அந்த ஆள் கணக்கைக் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் யாரோ பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். "அப்ப பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு. ஆயில் மேல ஏறுது. நான் வந்துதான் பிரிக்கணும். இன்னைக்கு நல்லாத் தொடச்சுப் போட்டு மெதுவா ஓட்டு," என்றார்.

ரிங் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது. இப்படிச் சோதித்துப் பார்த்து இப்படிச் சரியான விடை கிடைத்தது அந்தச் சோதனைக்கே அவமானம். ஆனால் நடந்ததைத்தானே சொல்ல முடியும்.

பிளக்கைத் துடைக்க உட்கார்ந்தார்கள். ஒன்றை மட்டும் துடைத்தால் மற்ற மூன்றும் என்ன நினைக்கும் என்று தளவாய் கேட்டான். அவனுக்கு அந்த வேதனை தெரியும். எனவே பெட்ரோலில் முக்கி, உப்புத்தாள் போட்டு, நாலையும் வெள்ளிக் கொலுசுபோல மினுங்க வைத்தார்கள்.

அப்போதுதான் பால்வண்ணனுக்கு முகம் வெளிறியது. "ஏல, டீ கலர் போச்சே!"

நல்ல பிளக்கு டீ நிறத்தில் இருக்கும் என்று பாய் வாயாலேயே சொல்லியிருக்கிறார். இப்போது ஒன்றுகூட டீ நிறத்தில் இல்லை. நல்ல பிளக்குகள் மூன்றையும் தங்கள் கையாலேயே கெடுத்துவிட்டார்கள். கோமதிநாயகம் வந்து பார்த்தால் என்ன சொல்வார்? ஆவுடையப்பனுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சந்தையில் கொட்டிய வெண்டைக்காய்கள் ஒவ்வொன்றாக அவன் மனசில் உருண்டன.

"அழாத மாப்ள," என்றான் கொம்பையா. "டீக்கடை தெறந்துதான இருக்கு?"

டீக்கடை கிழக்கே இருந்தது. நாலு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நடந்தால் ஒன்று முன்னால் போய்விடும், திரும்பி வரும்போது நாலு முன்னால் வந்துவிடும். வரிசை என்னாவது? ஆகவே திரும்பாமல், நண்டுபோலப் பக்கவாட்டிலேயே நடந்து போனார்கள். போகிற வழியில் ஒரு மாட்டுவண்டி ஒதுங்கி நின்று வழிவிட்டது.

"நாலு டீயா?" என்றார் கடைக்காரர்.

"எங்களுக்கு வேண்டாம். இதுகளுக்கு," என்று நாலு பேரும் பிளக்கை நீட்டினார்கள்.

கூழைக்குளத்தில் கடை வைத்திருக்கிறவர் எதற்கும் அதிர்ச்சி அடைவதில்லை. "ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்று மட்டும் கேட்டார்.

பாய் அதைச் சொல்லவில்லை. போன் போட்டால் எடுக்கவும் இல்லை. வழக்கு பெஞ்சுக்கு வந்தது.

"மீடியம்," என்றான் கொம்பையா. "வாரது பெரிய மனுசன்."

"இஞ்சி தட்டிப் போடச் சொல்லு," என்றான் தளவாய். "எண்ணெயாக் குடிச்சுக் குடிச்சு எஞ்சினுக்கு மந்தம் தட்டியிருக்கு."

"சீனி?"

எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். வண்டி அவனுடையது. அவன் நெடுநேரம் யோசித்தான்.

"வேண்டாம். எஞ்சினுக்கு வயசாயிட்டுல்லா."

ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, வரிசை மாறாமல் மாட்டினார்கள். வண்டி ஒரு செருமல் செருமிவிட்டுக் கிளம்பிவிட்டது. ஸ்டேஷனில் கோமதிநாயகம் குடையும் மஞ்சள் பையுமாக நின்றார். ஹெல்மெட்டோடு இறங்கிய ஆவுடையப்பனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நேரே போய் பானட்டைத் திறக்கச் சொன்னார்.

"மூணாவது பிளக்கைக் கழட்டு," என்றார்.

ஏன் மூன்றாவது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. எதையாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆவுடையப்பன் கழற்றி, துண்டில் பிடித்து ஊதி ஆறவைத்து நீட்டினான். ஒரு பக்கம் எண்ணெய் ஏற ஆரம்பித்திருந்தாலும், மறுபக்கம் நல்ல டீ நிறம். அவர் மூக்கருகே கொண்டுபோனார். புருவம் உயர்ந்தது.

"என்னது, இஞ்சியா?"

"ஆமாங்கய்யா. மந்தத்துக்கு."

கோமதிநாயகம் பிளக்கின் நுனியை மெல்ல நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சீனி இல்லியே?"

ஆவுடையப்பனுக்கு உயிரே போய்விட்டது. எல்லாம் அந்த ஒரு கரண்டிச் சீனியில் கெட்டுப்போயிற்றே! "வயசான எஞ்சினுங்கய்யா," என்றான், காற்றாகப் போன குரலில். "சீனி ஆவாதுன்னு..."

கோமதிநாயகம் குடையைத் தரையில் ஊன்றினார். கண் கலங்கியிருந்தது. "எனக்குச் சர்க்கரை வந்து எத்தனை வருசம். எவன் வீட்டுக்குப் போனாலும் பாயாசத்தைத்தான் நீட்டுதான். ஒரு எஞ்சினுக்கே சீனி பாத்துக் குடுக்கவன் என்னையக் கைவிட்டுருவானா? அய்யான்னு சொல்லாதய்யா. மாமான்னு சொல்லு."

கல்யாணம் ஆவணியில் நடந்தது. மாப்பிள்ளை காரில் வந்ததால் ஹெல்மெட்டோடு வந்தான். போகும்போதும் காரில்தானே போகவேண்டும் என்று கழற்றவும் இல்லை. மணமேடையில் ஐயர், "மாலை மாத்திக்கோங்கோ" என்றார்.

ஆவுடையப்பன் கீழே கூட்டாளிகளைப் பார்த்தான். மூவரும் ஒருசேரத் தலையசைத்தார்கள். அவன் எழுந்து செண்பகத்தின் இடத்துக்குப் போனான். அவளை எழுப்பித் தன் இடத்தில் உட்காரவைத்தான். பிறகு மாலையை மாற்றினான். பெண் மாலை பெண் இருந்த இடத்திலும், மாப்பிள்ளை மாலை மாப்பிள்ளை இருந்த இடத்திலும் அசையாமல் இருந்தன. முன்வரிசையில் மீரான் பாய் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கோமதிநாயகம் எழுந்து சபையைப் பார்த்து, "ஒண்ணும் கோளாறு இல்ல. எல்லாம் எடத்துலயே நிக்குது," என்று அறிவித்தார்.

செண்பகம் சிரித்தாள். அதே வெண்டைக்காய்ச் சிரிப்பு. ஆவுடையப்பனுக்குத் தைரியம் வந்தது. குனிந்து மெல்லக் கேட்டான்: "அன்னைக்குச் சந்தையில என்னையப் பாத்து ஏன் அப்படிச் சிரிச்சே?"

"பெறவு சிரிக்காம?" என்றாள் செண்பகம். அவன் தாடைக்குக் கீழே தொங்கிய வாரை இழுத்து அழுத்தமாக மாட்டிவிட்டாள். "கார்ல போறவிய ஹெல்மெட்டு வாரை மாட்டாமலா போவாவ? பாக்கவங்க முட்டாள்னு நெனைக்க மாட்டாங்களா?"